கடைசிப் பாட்டு மட்டும் கிழிகிறதா? டெக்னிக்ஸ் ஆர்மில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் விதம்

கேள்வியின் தலைப்பில் ஊசி எடை, அதாவது ஊசி ரெக்கார்டை அழுத்தும் பாரம், எவ்வளவு என்று மட்டும்தான் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதைப் படித்தால் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். கையில் பழைய டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 ரெக்கார்டு பிளேயர், அதில் புதிதாக ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சைகையாக்கும் பகுதி). பிளேயரோடு வந்த வெள்ளை பிளாஸ்டிக் கேஜ் (அளவு காட்டும் கருவி) கார்ட்ரிட்ஜை ஓரிடத்தில் வைக்கச் சொல்கிறது, இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்த இரண்டு புள்ளி அட்டை அதை இன்னும் முன்னால் தள்ளச் சொல்கிறது. அட்டையை நம்பித் தள்ளிவிட்டீர்கள். அப்பாவின் ரெக்கார்டுகள் தேயக்கூடாதே என்று எடையை 1.5 கிராமில் வைத்திருக்கிறீர்கள். இப்போது எல்.பி.யின் முதல் பாட்டு அருமையாக இருக்கிறது, கடைசிப் பாட்டிலும் ஈ.பி.களிலும் (7 அங்குலச் சின்ன ரெக்கார்டுகள்) 'ஸ', 'ச' வருகிற இடமெல்லாம் கிழிகிறது, இடப்பக்க ஸ்பீக்கரும் கொஞ்சம் மெலிந்து கேட்கிறது. ஆக, கேட்க நினைத்தது இதுதான்: கேஜ் சரியா அட்டை சரியா, எடையைக் கூட்டினால் ரெக்கார்டு கெடுமா, இடப்பக்கம் ஏன் குறைகிறது.

டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் ஊசி முனையை லென்ஸில் பார்க்காமல் சில விஷயங்களை இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. அவை எவை என்று போகப்போகச் சொல்கிறேன்.

எடையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை முதலில் முடித்துவிடலாம். 2எம் ரெட்டுக்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு 1.6 முதல் 2.0 கிராம், பரிந்துரை 1.8. உங்கள் 1.5 வரம்புக்கே வெளியே இருக்கிறது. எடை குறைந்தால் தேய்மானம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள், நடப்பது நேர்மாறு. ஊசி பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் விடாமல் தொட்டபடி போகவேண்டும். எடை போதவில்லையென்றால், சத்தம் ஏறுகிற இடங்களிலும் 'ஸ' போன்ற வேகமான அசைவுகளிலும் ஒரு கணம் சுவரை விட்டு எகிறி, மறுபடி வந்து மோதும். வைரம் வினைலில் மோதினால் எது அடிவாங்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அப்படி மோதிய தடம் ரெக்கார்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும். 1.8க்குப் போங்கள், 1.9 வைத்தாலும் தப்பில்லை. அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் 4, 5 கிராமில் ஓடின. அதைத் தாங்கி வந்த ரெக்கார்டுகள் 0.3 கிராம் கூடியதால் கெட்டுப்போகாது.

இனி கேஜும் அட்டையும். இது கொஞ்சம் நீளம், ஆனால் உங்கள் சிக்கலின் மையமே இங்கேதான் இருக்கிறது. ரெக்கார்டை வெட்டுகிற மெஷினில் வெட்டும் ஊசி ஆரத்தின் மேலேயே நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டு பிளேயரின் ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை, ஒரு முனையில் சுழல்வதால் வில்போல வளைந்து போகிறது. அதனால் ஊசி பள்ளத்துக்கு முழுக்க நேராக நிற்பது ரெக்கார்டின் இரண்டே இரண்டு ஆரங்களில்தான், மற்ற இடமெல்லாம் ஒரு டிகிரி இரண்டு டிகிரி பிசகும். அந்த இரண்டு இடங்களை எங்கே வைத்தால் மொத்தத்தில் ஒலித் திரிபு குறையும் என்று 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட் என்ற ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள், 1966இல் ஸ்டீவன்சன் உட்பக்கத்துக்குச் சலுகை கொடுத்து இன்னொரு கணக்குப் போட்டார். நீங்கள் அச்சடித்த அட்டையில் மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. என்று புள்ளிகள் இருந்தால் அது பேர்வால்ட் அட்டை. இணையத்தில் அதிகம் சுற்றுவது அதுதான். டெக்னிக்ஸின் வெள்ளை கேஜோ ஊசியை 15 மி.மீ. ஓவர்ஹேங்கில், அதாவது தட்டின் மையத்தை 15 மி.மீ. தாண்டும்படி, நிறுத்துகிறது, அதில் அந்த இரண்டு இடங்களும் சுமார் 59, 113 மி.மீ.க்குப் போய்விடும். அதாவது ஸ்டீவன்சனைப் போலவே உட்பக்கத்தைக் காப்பாற்றுகிற அமைப்பு. இரண்டுமே தவறில்லை. ரெக்கார்டின் எந்தப் பகுதியில் பிசகை ஒதுக்கித் தள்ளுவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

எம்.கே.2வில் ஆர்மின் சுழல்முனைக்கும் தட்டின் மையத்துக்கும் இடையே 215 மி.மீ. இதை வைத்துக் கணக்குப் போட்டால் பேர்வால்டுக்கு ஓவர்ஹேங் கிட்டத்தட்ட 18 மி.மீ. ஆகவேண்டும், அதனால்தான் அட்டை உங்களை 3 மி.மீ. முன்னால் தள்ளச் சொல்கிறது. ஆனால் முன்னால் தள்ளினால் மட்டும் போதாது. ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜை மாட்டும் ஹெட்ஷெல்லுக்குள் அதைச் சுமார் 2 டிகிரி உள்பக்கமாகத் திருப்பவும் வேண்டும், அதாவது அதன் மூக்கு தட்டின் நடு முளையைப் பார்த்தபடி லேசாகத் திரும்பி நிற்கவேண்டும். பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்: தள்ளிவிட்டு, கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லின் ஓரத்துக்கு இணையாக அழகாக நிற்கட்டும் என்று ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஊசி ரெக்கார்டின் எந்த ஆரத்திலும் நேராக நிற்காது, ஈ.பி.யின் உள்முனையில் பிசகு 4 டிகிரியை எட்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், முழு நிச்சயமாகச் சொல்லவில்லை. மேலே இருந்து ஹெட்ஷெல்லை ஒரு ஃபோட்டோ எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உட்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அவதி என்றால், வேகம். 33⅓ சுற்றில் எல்.பி.யின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு அரை மீட்டர் வினைல் ஓடுகிறது, 60 மி.மீ. ஆரத்துக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே 'ஸ' சத்தம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருக்கும். அதனால் வெளியே இரண்டரை டிகிரி பிசகினால்கூடக் காதுக்குத் தெரியாது, உள்ளே இரண்டு டிகிரி பிசகினால் பல்லைக் கூசவைக்கும். 7 அங்குல ஈ.பி.யில் பாட்டு 54 மி.மீ. வரை உள்ளே போகலாம். அந்த இடத்தில் சரியாகத் திருப்பிப் பொருத்திய பேர்வால்டில்கூடப் பிசகு 2 டிகிரி, டெக்னிக்ஸ் கேஜில் 0.7 டிகிரிதான். வெளி ஓரத்தில் நிலைமை தலைகீழ், அங்கே கேஜ் 2.6, பேர்வால்ட் 1.9. நீங்கள் வைத்திருப்பதில் பாதிக்கு மேல் ஈ.பி. என்கிறீர்கள். அப்படியானால் என் பதில் ஒரே வார்த்தையில் கேஜ். எல்.பி. மட்டும், அதுவும் உள்ளே அதிகம் போகாமல் முடிகிற எல்.பி.க்கள் மட்டும் கேட்கிறவருக்குப் பேர்வால்ட் ஒரு பிடி மேல் என்று ஒத்துக்கொள்வேன். ஒரு ஸ்கேலை எடுத்து மையத்திலிருந்து கடைசிப் பாட்டு முடிகிற இடம்வரை நாலைந்து ரெக்கார்டுகளில் அளந்து பாருங்கள், வாதமே தேவைப்படாது.

அட்டையையே பயன்படுத்துவதாக இருந்தால் இன்னொன்று. பிரிண்டர்கள் பக்கத்துக்குள் அடக்குகிறேன் என்று அளவைச் சுருக்கிவிடும். அட்டையில் குறித்திருக்கும் 100 மி.மீ. கோட்டை ஸ்டீல் ஸ்கேலால் அளக்காமல் எந்த அட்டையையும் நம்பாதீர்கள். நடு ஓட்டை அரை மி.மீ. தளர்வாக இருந்தாலே மொத்தமும் பிசகிவிடும்.

செய்யும் வரிசை இப்படி. முதலில் பிளேயரின் நாலு கால்களையும் திருகித் தட்டின் மேல் நீர்மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்பை அணைத்துவிடுங்கள். ஊசிக்கு மூடி போட்டுக்கொண்டு ஹெட்ஷெல்லைக் கழற்றி, ஸ்க்ரூக்களைக் கார்ட்ரிட்ஜ் நகர்கிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். 2எம் வகையில் ஸ்க்ரூ மரை கார்ட்ரிட்ஜின் உடம்பிலேயே இருப்பதால் நட்டோடு போராட வேண்டாம், அதே காரணத்துக்காகப் பலம் போட்டு இறுக்கவும் வேண்டாம். பிறகு மூடியைக் கழற்றி, ஹெட்ஷெல்லின் பின்விளிம்பில் ரப்பர் வாஷர் உட்காரும் இடத்திலிருந்து ஊசி முனைவரை 52 மி.மீ. வரும்படி நகர்த்துங்கள், வெள்ளை கேஜ் செய்வதும் இதைத்தான். நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது கார்ட்ரிட்ஜின் பெட்டியைப் பார்க்காமல், ஊசியைத் தாங்குகிற அந்த மெல்லிய குழாயைப் பாருங்கள், கான்டிலீவர் என்பார்கள். விலை குறைந்த கார்ட்ரிட்ஜ்களில் பெட்டிக்கும் அதற்கும் சின்னக் கோண வித்தியாசம் இருக்கலாம், பள்ளத்தில் ஓடப்போவது பெட்டி இல்லையே. நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற பொறுமை, இவ்வளவு போதும். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கால் திருகு வீதம் இறுக்குங்கள், ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிக்கொள்ளும். முடித்தபின் மறுபடி அளங்கள்.

அப்புறம் எடை. ஆன்ட்டி-ஸ்கேட்டிங் டயலை (ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டுவது) பூஜ்யத்தில் வைத்து, பின்பக்க வெயிட்டைத் திருகி ஆர்ம் காற்றில் மட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். வெயிட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் 0க்குத் திருப்புங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து 1.8 வரை. நல்ல நிலையில் உள்ள எம்.கே.2வில் இந்த எண்ணை நம்பலாம். தராசு வாங்கவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்: 0.01 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. வாங்கினால் ஊசியை வைக்கும் இடம் ரெக்கார்டின் மேற்பரப்பு உயரத்தில் இருக்கிறதா, மேல்தட்டு காந்தம் ஒட்டாத உலோகமா என்று பாருங்கள். சாதாரண நகைத் தராசின் இரும்புத் தட்டைக் கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் இழுத்து எடையைத் தப்பாகக் காட்டும்.

பழைய எம்.கே.2 என்பதால் ஒரு சோதனை அவசியம். இந்த மாடல் 1979இல் வந்தது, உலகம் முழுக்க டிஸ்கோக்களில் அடிபட்டவை பிறகு செகண்ட்-ஹேண்டில் கைமாறியிருக்கின்றன. ஆர்ம் குழாயைச் சுழல்முனைக்கு அருகே இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கடகட என்று ஒரு சின்னத் தளர்வு விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எந்த அளவும் நிற்காது. வீட்டில் ஸ்க்ரூட்ரைவர் போட்டு இறுக்கிப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆர்மின் உயரம் பற்றியும் அதோடு மாறும் ஊசியின் சாய்வுக் கோணம் பற்றியும் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 2எம் ரெட்டுக்குக் குறிக்கப்பட்ட செங்குத்துக் கோணம் 20 டிகிரி என்பது உண்மை. ஆனால் ஆர்மின் பின்பக்கத்தை 1 மி.மீ. உயர்த்தினால் அந்தக் கோணம் மாறுவது கால் டிகிரிதான், ஒரு டிகிரி மாற 4 மி.மீ. தூக்கவேண்டும். எம்.கே.2வின் உயர வளையத்தில் மொத்தமே 6 மி.மீ.தான் இருக்கிறது. கனமான ரெக்கார்டுக்கும் மெல்லிய ரெக்கார்டுக்கும் நடுவே உயரத்தை மாற்றி மாற்றி வைக்கிறவர்கள் நிஜமாகவே வித்தியாசத்தைக் கேட்கிறார்களா, எனக்குச் சந்தேகம்தான். என் காதுக்குக் கேட்டதில்லை. ஊசி ரெக்கார்டில் இருக்கும்போது ஆர்ம் குழாய் ரெக்கார்டுக்கு இணையாக நிற்கட்டும். 2எம் கொஞ்சம் உயரமான கார்ட்ரிட்ஜ் என்பதால் வளையத்தைச் சற்று ஏற்றவேண்டி வரும். பூட்டை விடுவித்துத் திருப்பி, மறுபடி பூட்ட மறக்காதீர்கள், பூட்டாத ஆர்ம் லேசாக ஆடும். உயரத்தை மாற்றினால் எடையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கமிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கவேண்டும். ஓடாத தட்டில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அதன்மேல் ஊசியை இறக்கினால் கார்ட்ரிட்ஜும் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் தெரியவேண்டும், அந்தக் கோடு முறிந்து தெரிந்தால் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். ஹெட்ஷெல் காலரில் இருக்கிற சின்ன இடைவெளிக்குள் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கில் யாரும் கறாராக ஒரு எண் சொன்னால் நம்பவேண்டாம். ஹெட்ஷெல் கோணமாக இருப்பதால், உராய்வு ஆர்மை எப்போதும் மையத்தை நோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பு தோராயமாக ஊசி எடையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது பாட்டின் சத்தத்தோடும் ரெக்கார்டின் பரப்போடும் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு ஸ்பிரிங்கோ டயலோ எல்லா இடத்திலும் அதைச் சரியாக ஈடுகட்ட முடியாது. பள்ளமே இல்லாத வெற்றுத் தட்டில் ஊசியை வைத்து அது நகராமல் நிற்கும்வரை திருகுங்கள் என்றொரு வழி சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அங்கே ஊசியின் அடிமுனை தொடுகிறது, பள்ளத்தில் அதன் இரண்டு தோள்களும் தொடுகின்றன, உராய்வு வேறு. டயலை எடைக்குச் சமமாக, அதாவது 1.8க்கு அருகே வைத்துத் தொடங்குங்கள். இழுப்பு சரியாக ஈடாகாதபோது ஊசி உள்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விடும், வெளிச்சுவரில் இருப்பது வலப்பக்க ஒலி. அதனால் சத்தமான இடத்தில் வலது ஸ்பீக்கர் முதலில் கிழிந்தால் டயலைக் கொஞ்சம் கூட்டுங்கள், இடது முதலில் கிழிந்தால் குறையுங்கள். இதற்கு ஹெட்ஃபோனும், நல்ல நிலையில் உள்ள ஒரு ரெக்கார்டும் போதும்.

இந்த கார்ட்ரிட்ஜ் இந்த ஆர்முக்குப் பொருந்துமா என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். பொருந்தும். ஆர்மின் இயங்கு எடை (அசையும்போது ஊசி உணரும் எடை) 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 7.2, ஸ்க்ரூவோடு மொத்தம் 20 என்று வைப்போம். கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணும் (ஊசி எவ்வளவு எளிதாக அசையும் என்பது) 20. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 159ஐ அதனால் வகுத்தால் 8 ஹெர்ட்ஸ் வரும், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக அதிரும் வேகம் அது. 8க்கும் 12க்கும் நடுவே இருந்தால் நல்லது என்பார்கள், இது கீழ் ஓரம். நேரான ரெக்கார்டில் பிரச்சினை வராது, வெயிலில் வளைந்துபோனவற்றில் பாஸ் ஸ்பீக்கர் கோன் உள்ளும் வெளியும் ஆடுவதைப் பார்ப்பீர்கள். அதற்காகக் கனமான ஹெட்ஷெல் மட்டும் வாங்கிவிடாதீர்கள், இன்னும் கீழே இறங்கும்.

இடப்பக்கம் மெலிவதைக் கண்டுபிடிக்க ஊகமே தேவையில்லை. ஆம்பின் பின்னால் பிளேயரிலிருந்து வரும் இரண்டு பின்களையும் இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். மெலிவு வலப்பக்கத்துக்குப் போனால் கோளாறு பிளேயரில், இடப்பக்கமே இருந்தால் ஆம்பில் அல்லது ஸ்பீக்கரில். பிளேயரில் என்றால் முதலில் ஹெட்ஷெல்லின் பின்முனையில் உள்ள நாலு பின்களையும், ஆர்ம் முனையில் அவை தொடும் இடத்தையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழைய எம்.கே.2வில் இடது வலது புகார்களில் பெரும்பகுதி இந்த அழுக்கோடு முடிந்துவிடும். அடுத்து கார்ட்ரிட்ஜின் பின்புற ஒயர்கள்: வெள்ளை இடது, நீலம் இடது எர்த், சிவப்பு வலது, பச்சை வலது எர்த். ஒன்று தளர்ந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன சாய்வைப் பாருங்கள். சோதிக்க ஒரு மோனோ ரெக்கார்டு போடுங்கள், உங்களிடம் இருக்கும் அறுபதுகளின் தமிழ் ஈ.பி.கள் பெரும்பாலும் மோனோதான், குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் நிற்கவேண்டும். சாய்வை நூல் பிடித்ததுபோல் நேராக்க மீட்டரும் டெஸ்ட் ரெக்கார்டும் வைத்துச் செய்கிற முறைகளும் உண்டு, 2எம் ரெட் அளவுக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, எந்த அளவும் சரிசெய்ய முடியாத ஒன்று. கனமான, தேய்ந்த ஊசியில் வருஷக்கணக்கில் ஓடிய ஈ.பி.யின் உட்பள்ளங்கள் ஏற்கனவே சிதைந்திருக்கும். அது ரெக்கார்டில் உள்ள காயம், கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரித்தறிய, அதிகம் ஓடாத ஒரு எல்.பி.யை நன்றாகக் கழுவித் துடைத்து அதன் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அது சுத்தமாக வந்து குறிப்பிட்ட சில ஈ.பி.கள் மட்டும் கிழிந்தால் பொருத்தல் முடிந்துவிட்டது, அந்த ஈ.பி.களுக்கு இதற்குமேல் இந்த ஊசியால் ஆகாது. புதிய எல்.பி.யும் கிழிந்தால் 52 மி.மீ.யையும் கான்டிலீவர் நேரையும் மறுபடி பாருங்கள். அதுவும் சரியென்றால் ஊசி முனையைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும், புதியதாகவே வாங்கியது என்றாலும் ஒட்டியது கோணலாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது முழு கார்ட்ரிட்ஜ் வாங்கவேண்டாம். ஊசிப் பகுதி மட்டும் தனியாகக் கழன்று வரும், 2எம் புளூவின் ஊசி இதே உடம்பில் அப்படியே பொருந்தும். போட்டபின் மேலே சொன்ன அளவுகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.